லாஸ்ட் ரிசார்ட் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

என் மகள் மேலூரில் பிளஸ் ஒன் படிக்கிறாள். ‘லாஸ்ட் ரிசார்ட்’ என்பதை வைத்து ஆங்கிலத்தில் வாக்கியம் எழுதச் சொன்னதற்கு, கொடைக்கானலில் கடைசி ரிசார்ட்டில் தங்கினோம் என்று எழுதி சிவப்புக் கோடு வாங்கிவந்தாள். ‘கடைசியாக’ என்பதுதான் அர்த்தமாம். நானும் அப்படி நினைத்தே வேலை கேட்டு எழுதிய மெயிலில் ‘ஆஸ் எ லாஸ்ட் ரிசார்ட் உங்களை அணுகுகிறேன்’ என்று போட்டேன். பதிலே இல்லை. அதில் தப்பு உண்டா?

– ஒரு வாசகர், மேலூர்

அன்புள்ள நண்பருக்கு,

பதில் வராததற்கு அந்த வரியே காரணமாக இருக்கலாம். வேறு போக்கிடம் இல்லாமல்தான் உங்களிடம் வந்தேன் என்றல்லவா எழுதியிருக்கிறீர்கள்! எந்த முதலாளிக்குப் பிடிக்கும்?

‘கடைசியாக’ என்பது பாதி அர்த்தம்தான். மற்ற வழிகளெல்லாம் பார்த்தாகிவிட்டது, ஒன்றும் பலிக்கவில்லை என்பது அதற்குள் இருக்கிறது. பெரும்பாலும் இந்த வழி மனதுக்கு உவப்பானது அல்ல என்பதும் சேர்ந்தே இருக்கிறது. மூட்டுவலிக்கு மாத்திரை, உடற்பயிற்சி, ஊசி எல்லாம் பார்த்த பிறகு ஆபரேஷன் என்றால் அது லாஸ்ட் ரிசார்ட். பந்தியில் கடைசியாக வரும் பாயசம் அல்ல.

மகளைக் கோபிக்காதீர்கள். கொடைக்கானல் ரிசார்ட்டும் இதுவும் ஒரே சொல்தான். பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. நாடிப்போவது, நாடிப்போகும் இடம் என்று இரண்டுக்கும் ஆகும். ஆனால் இந்தத் தொடர் கோர்ட்டு வாசனை உள்ளது. இதற்கு மேல் அப்பீல் இல்லை என்ற நீதிமன்றத்தைத்தான் அப்படிச் சொன்னார்கள்.

அப்பீல் நம் பக்கத்துக்குப் புதிதா என்ன? சிவகங்கை ஜமீன்தார் கௌரி வல்லபர் 1829-இல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். ஜமீன் அண்ணன் வழிக்குப் போனது. கௌரி வல்லபர் குடும்பத்துப் பெண்கள் விடவில்லை. வழக்கு கோர்ட்டு கோர்ட்டாக ஏறி அன்றைக்கு நமக்கு மேல்முறையீட்டின் உச்சியாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1863-இல் மகள் காத்தம நாச்சியார் பக்கம் தீர்ப்பானது. 34 வருஷம்! பாதி ஆயுள் அதிலேயே போயிருக்கும். சிவகங்கைக்கு லாஸ்ட் ரிசார்ட் அன்றைக்கு லண்டனில் இருந்தது. 1949-இல்தான் அந்தக் கடல்கடந்த அப்பீல் முடிவுக்கு வந்தது. இப்போது டெல்லி உச்ச நீதிமன்றம்.

2004 ஜூலையில் ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை திறக்கும்வரை கன்னியாகுமரிக்காரரும் ரிட் (அரசின் செயலை எதிர்த்து நேராக ஹைகோர்ட்டில் போடும் மனு) போடச் சென்னைக்குத்தான் ரயிலேற வேண்டும். இங்கேயும் எடுத்ததும் ரிட் போட்டால், வேறு பரிகாரம் இருக்கும்போது ஏன் நேராக வந்தீர்கள் என்று பொதுவாகக் கேட்பார்கள். விதிவிலக்குகள் உண்டு. இருந்தாலும் கீழே உள்ள படிகளை ஏறிவிட்டு வா என்கிற அந்தக் கேள்விதான் இந்தத் தொடரின் உயிர். வங்கி உலகத்திலும் அப்படியே: வேறெங்கும் பணம் புரளாத வங்கிக்குக் கடன் தருவதால் ரிசர்வ் வங்கிக்கு ‘லெண்டர் ஆஃப் லாஸ்ட் ரிசார்ட்’ என்று பெயர்.

சரி, உங்கள் மெயிலுக்கு வருவோம். அந்த வரியை எடுத்துவிட்டு, அந்தக் கம்பெனியை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று எழுதி மறுபடி அனுப்புங்கள். மகளுக்கு ஒன்று: பரீட்சையில் ‘ஆஸ் எ லாஸ்ட் ரிசார்ட்’ என்றே எழுதட்டும். ‘இன் தி லாஸ்ட் ரிசார்ட்’ என்றும் பிரிட்டிஷ் வழக்கில் உண்டு. அதற்கு ‘முடிவாகப் பார்த்தால்’ என்ற அர்த்தமும் வரும், திருத்துகிறவர் குழம்பிவிடுவார்.