150 மணி நேரம்

அன்புள்ள அக்கா,

நான் சென்னையில் ஒரு தனியார் கல்லூரியில் பி.பார்ம் என்ற மருந்தாளுநர் பட்டப்படிப்பு மூன்றாம் வருடம் படிக்கிறேன். வீடு வியாசர்பாடி. அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். கல்விக் கடன் வாங்கித்தான் படிக்கிறேன்.

போன வருடம் முடித்த சீனியர்களில் பாதிப் பேர் ஓ.எம்.ஆரில் மெடிக்கல் கோடிங் போய்விட்டார்கள். சிலர் பெரிய மருந்துக்கடைகளில் பில் போடுகிறார்கள், சம்பளம் 15,000 தாண்டவில்லை. கம்பெனி விளம்பரம் எதை எடுத்தாலும் இரண்டு வருட அனுபவம் கேட்கிறார்கள். வேலை கிடைத்தால்தானே அனுபவம்? எம்.பார்ம் சேர்ந்தால் சரியாகிவிடுமா என்றும் தெரியவில்லை.

ஆறாம் செமஸ்டர் முடிந்ததும் 150 மணி நேரப் பயிற்சி போக வேண்டும். தெரிந்த மருந்துக்கடையில் சொன்னால் போகாமலே கையெழுத்து வாங்கிவிடலாம், அந்த நேரத்தில் வேறு ஏதாவது கோர்ஸ் படி என்கிறார்கள் தோழிகள். என் மாமாவோ, படிப்பு முடிந்து ரிஜிஸ்டர் செய்ததும் சர்டிபிகேட்டை அவர் ஊர்க் கடைக்குக் கொடுத்துவிட்டால் மாதாமாதம் பணம் வரும், நீ பாட்டுக்கு வேறு வேலை பார் என்கிறார். அம்மாவுக்கும் அது நல்ல யோசனையாகப் படுகிறது. எனக்கு ராத்திரியில் தூக்கம் வருவதில்லை. கடையில் போய் எப்படி வாய்ப்புக் கேட்பது என்றுகூட எனக்குத் தெரியாது. நீங்கள் இந்தத் துறையில் இருந்தவர் என்பதால் எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம்.

ச.

*

அன்புள்ள ச.,

என் அண்ணன் மகளுக்கும் உன் வயதுதான். அதனால் நீ என்றே எழுதுகிறேன்.

உன் பயத்தை வீண் பயம் என்று சொல்ல மாட்டேன். நோய் இருக்கிறவரை மருந்து இருக்கும், மருந்து படித்தவளுக்கு வேலை இருக்கும் என்று உனக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். படித்து வெளியே வருகிறவர்களின் கூட்டத்தை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. கல்லூரிகள் பெருகிக்கொண்டே போவதைப் பார்த்து, 2019இல் இந்திய பார்மசி கவுன்சிலே ஐந்து வருடத்துக்குப் புதுக் கல்லூரி வேண்டாம் என்று தீர்மானம் போட்டது. கல்லூரிகள் வழக்குப் போட்டன. வெறும் தீர்மானத்தை வைத்து அப்படித் தடுக்க முடியாது என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்புறம் என்ன, கதவு மறுபடி திறந்தது. நீ அந்தக் கூட்டத்தில் நிற்கிறாய். உனக்குத் தூக்கம் வராததில் ஆச்சரியமில்லை.

ஆனால் உன் கடிதத்தில் என்னை உலுக்கியது வேறு விஷயம். அந்த 150 மணி நேரத்தைப் போகாமலே கையெழுத்து வாங்கிவிடலாம் என்ற பேச்சு. அனுபவம் இல்லை என்று அழுதுகொண்டே, சட்டமே உனக்கு எடுத்துவைத்திருக்கும் அனுபவத்தைத் தூக்கிப்போடச் சொல்கிறார்கள்.

டிப்ளமோவான டி.பார்ம் படிக்கிறவர்களுக்கு 500 மணி நேரப் பயிற்சி. அதில் 250 மணி நேரமாவது டாக்டர் சீட்டைப் பார்த்து மருந்து எடுத்துக் கொடுத்திருக்க வேண்டும் என்பது விதி. நான்கு வருடம் படிக்கும் உனக்கு, நான்கு வாரத்தில் 150 மணி நேரம்தான். பி.பார்ம் பெண்ணைவிட டி.பார்ம் பையன் தேவலை என்று பல கடைக்காரர்கள் சொல்வதைக் கேட்டிருப்பாய். அதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அவன் கவுன்டரில் நின்றவன். உன்னிடம் இருக்கும் இந்தக் கொஞ்சத்தையும் விட்டுவிட்டால் நேர்முகத் தேர்வில் எதைச் சொல்வாய்?

என் கதையைச் சொல்கிறேன். இதை நான் அதிகம் பேரிடம் சொன்னதில்லை.

1997இல் நான் பி.பார்ம் இரண்டாம் வருடம். திருவல்லிக்கேணியில் ஒரு மருந்துக்கடையில் சாயங்காலம் ஆறிலிருந்து பத்து வரை வேலை. சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு பார்மசிஸ்டின் சர்டிபிகேட் தொங்கும். நான் அங்கே இருந்த ஒன்பது மாதத்தில் அந்த மனிதரை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. கடையை உண்மையில் நடத்தியவர் ஒரு பெரியவர். சர்டிபிகேட் எதுவும் கிடையாது. முப்பது வருடம் அதே கவுன்டரில் நின்றவர். முதலாளி என்னிடம் சொன்ன முதல் விஷயம், கஸ்டமரிடம் பேசிக்கொண்டு நிற்காதே, கூட்டம் அடுத்த கடைக்குப் போய்விடும் என்பதுதான்.

ஒரு நாள் பெரியவர் கல்யாணத்துக்குப் போயிருந்தார். ஜாம்பஜார் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். கை விரல் மூட்டெல்லாம் வீங்கி வளைந்திருந்தது. சீட்டில் மெத்தோட்ரெக்ஸேட் 2.5 மில்லிகிராம், வாரத்தில் ஒரு நாள் மட்டும் மூன்று மாத்திரை என்று எழுதியிருந்தது. அந்தக் கிறுக்கலில் நான் மருந்தின் பெயரைத்தான் தேடினேன். ஓர் அட்டையைக் கிழித்துக் கவரில் போட்டு, காசு வாங்கி, அடுத்த ஆளைப் பார்த்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை.

நாலாம் நாள் அதே அம்மா வந்து, மாத்திரை தீர்ந்துவிட்டது, இன்னோர் அட்டை கொடு என்றார். அன்றைக்குப் பெரியவர் இருந்தார். பத்து மாத்திரை, வாரத்துக்கு மூன்று, மூன்று வாரம் வர வேண்டிய அட்டை நாலே நாளில் எப்படித் தீரும்? அவர் கை அப்படியே நின்றது. 'எப்படிம்மா சாப்பிட்டீங்க?' என்று கேட்டார். காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, ராத்திரி ஒன்று என்றார் அந்த அம்மா. வாயைத் திறக்கச் சொன்னார் பெரியவர். உதட்டின் உள்பக்கமெல்லாம் புண், மருந்து அளவு மீறிவிட்டதன் அடையாளம். கடையை அப்படியே போட்டுவிட்டு, ஆட்டோ பிடித்து அவரே ராயப்பேட்டை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனார். என்ன மருந்து, எத்தனை சாப்பிட்டார் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப்போனார். அந்த அம்மா பிழைத்துக்கொண்டார்.

அட்டையை விற்றவள் நான். 'இது தினமும் போடுற மாத்திரை இல்லைம்மா, வாரத்துக்கு ஒரு நாள்தான், என்னைக்குன்னு இப்பவே முடிவு பண்ணுங்க' என்று சொல்ல அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்துக்காகத்தான் 1948ஆம் வருடச் சட்டம், பதிவு பெற்ற மருந்தாளுநர்தான் சீட்டுக்கு மருந்து கொடுக்க வேண்டும் என்கிறது. அந்த மருந்தாளுநர் எங்கள் கடையில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கிக்கொண்டிருந்தார்.

இப்போது உன் மாமா சொன்ன யோசனைக்கு என் பதில் உனக்கே தெரிந்திருக்கும். கொடுக்காதே. சட்டப்படி குற்றம், மாட்டினால் உன் பதிவே போய்விடும் என்பதெல்லாம் உண்மை. அதைவிட, நீ இல்லாத கடையில் உன் பெயரில் என்ன விற்கிறார்கள் என்று உனக்குத் தெரியாது. நாலாம் நாள் திரும்பி வருகிறவரிடம் கேட்க அங்கே யார் இருப்பார்கள் என்றும் தெரியாது. இன்னொன்றும் உண்டு. சம்பளம் ஏன் 15,000இல் நிற்கிறது என்று கேட்டாயே. ஆள் வராமல் வெறும் காகிதம் அதைவிட மலிவாகக் கிடைக்கும்போது, நேரில் வந்து நிற்கும் ஆளுக்கு முதலாளி ஏன் கூடக் கொடுப்பார்? வாடகைக்குப் போகும் ஒவ்வொரு சர்டிபிகேட்டும் உன் கூடப் படிக்கிறவர்களின் சம்பளத்தைத்தான் இழுத்துப் பிடிக்கிறது. அம்மாவிடம் இதைச் சொல். கடன் கட்ட வேண்டிய வீட்டில் மாதம் வரும் பணத்தை வேண்டாம் என்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அப்படியும் வேண்டாம்.

சரி, கடைக்குப் போகிறாய் என்று வைத்துக்கொள்வோம். அங்கே பில் போடுவதோடு நின்றுவிடாதே. ஒரு சின்ன நோட்டு வாங்கிக்கொள். தினமும் ஒரு சீட்டு மட்டும் எழுது, நோயாளி பெயர் வேண்டாம். என்ன பிராண்ட், உள்ளே என்ன மருந்து, எதற்காக எழுதியிருப்பார்கள், கொடுக்கும்போது எதைச் சொல்ல வேண்டும். வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தைப் பார். நான்கு வாரத்தில் இருபத்தைந்து சீட்டு சேரும். இருபத்தைந்து போதும், நம்பு. அப்புறம் எச்1 ரிஜிஸ்டரை எழுதத் தரச் சொல்லிக் கேள். 2014இலிருந்து நடைமுறையில் இருக்கும் விதி அது. சில ஆன்டிபயாட்டிக், டிபி மருந்து, தூக்க மாத்திரை போன்றவற்றை விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, எத்தனை என்று எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். ஒழுங்காக எழுதும் கடையில் அதைப் பார்த்துக் கற்பாய். எழுதாத கடையில் வேறு ஒன்றைக் கற்பாய். இன்சுலின் வைக்கும் பிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரி இருக்கிறதா, கரன்ட் போனால் என்ன செய்கிறார்கள் என்று கவனி. எக்ஸ்பைரி நெருங்கும் சரக்கை எப்படிப் பிரித்து ஸ்டாக்கிஸ்டுக்குத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று பார்.

படிப்பு முடிந்து நான் ஆலத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு மருந்து ஆலைக்கு இன்டர்வியூ போனபோது என் மார்க் சுமார்தான். கடையில் என்ன கற்றாய் என்று கேட்டார்கள். அந்த அம்மாவின் கதையைச் சொன்னேன், நான் செய்த தப்பையும் சேர்த்து. தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் எடுத்துக்கொண்டார்கள். ஏழு வருடம் அங்கே இருந்தேன்.

அந்தப் பக்கம் போக ஆசை இருந்தால் ஒன்று சொல்கிறேன். 2025 செப்டம்பர், அக்டோபரில் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஓர் இருமல் சிரப்பைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் செத்துப்போனார்கள். தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தபோது அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற விஷ ரசாயனம் 48.6 சதவீதம் இருந்தது. செய்தியைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உள்ளே வரும் மூலப்பொருளைச் சோதிக்காமல் எடுக்கக் கூடாது என்பது தரக் கட்டுப்பாட்டில் முதல் வாரமே சொல்லிக் கொடுக்கிற பாடம். 2023 கடைசியில் வந்த திருத்திய ஷெட்யூல் எம் என்ற மருந்துத் தயாரிப்பு விதிகளால் சின்ன ஆலைகளும் இப்போது தரத்துக்கு ஆள் வைத்தாக வேண்டும். 'இந்த பேட்ச் வெளியே போகக் கூடாது' என்று முதலாளி முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடிய ஆட்கள் அங்கே வேண்டும்.

மெடிக்கல் கோடிங் போன சீனியர்களைத் தாழ்வாக நினைக்காதே. குடும்பத்தைத் தூக்கி நிறுத்தும் வேலை அது. அமெரிக்க ஆஸ்பத்திரி ரெக்கார்டைப் படித்து இன்சூரன்ஸுக்கு எண் போடும் வேலை என்பது மட்டும் தெரிந்து போ. அங்கே நீ படித்த மருந்தியலுக்கு அவ்வளவு இடமில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் வேலைதான் வேண்டுமென்றால், மருந்துப் பக்கவிளைவுகளைக் கண்காணிக்கும் வேலை உன் படிப்புக்குக் கிட்டத்தில் இருக்கிறது. அந்த கம்பெனிகளும் சென்னையில் உண்டு. 2010இலிருந்து மத்திய அரசே அதற்கென்று ஒரு திட்டம் நடத்துகிறது. சந்தேகப்படும் பக்கவிளைவை எழுதி அனுப்ப ஒரு படிவம் இருக்கிறது. உங்கள் பார்மகாலஜி ஆசிரியரைக் கூட வைத்துக்கொண்டு, உண்மையான ஒரு நோயாளிக்கு வந்த பக்கவிளைவை அதில் எழுதி அனுப்பிப் பார். ஒன்றை முழுதாக எழுதி அனுப்பியிருந்தாலே நேர்முகத் தேர்வில் அதை வைத்துப் பத்து நிமிடம் பேசலாம்.

அரசு வேலைக்கு எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) அறிவிப்புகளைப் பார்த்துக்கொண்டே இரு, ஆனால் அதற்காகவே வீட்டில் உட்கார்ந்துவிடாதே. 2025 பிப்ரவரியில் ஆயிரம் முதல்வர் மருந்தகங்கள் திறந்தார்கள். பி.பார்ம், டி.பார்ம் முடித்தவர்கள் நடத்த 3 லட்சம் மானியம் கொடுத்தார்கள். சொந்தக் கடை என்ற எண்ணம் பிற்காலத்தில் வந்தால் அப்படிப்பட்ட அறிவிப்புகள் உதவும். எம்.பார்ம் இப்போது வேண்டாம் என்பது என் எண்ணம். வேலை கிடைக்காத பயத்தில் சேர்ந்தால் இரண்டு வருடம் கழித்து இதே பயம் கூடுதல் கடனோடு வரும். எந்தப் பக்கம் போகப் பிடிக்கிறது என்று தெரிந்த பிறகு எம்.பார்ம் நுழைவுத் தேர்வான ஜிபாட் எழுது.

கடைசியாக, கடையில் எப்படிக் கேட்பது. சாயங்காலம் ஏழு மணிக்குப் போகாதே, அப்போது முதலாளி உன் முகத்தையே பார்க்க மாட்டார். மத்தியானம் மூன்று மணிக்குப் போ. உனக்குப் பெரம்பூர், புரசைவாக்கம் பக்கம், திரும்பி வர பஸ் இருக்கிற இடமாகப் பார். முதலில் வெளியே ஐந்து நிமிடம் நின்று கவனி. சீட்டை வாங்குகிறவர் நோயாளியிடம் ஒரு வார்த்தையாவது பேசுகிறாரா, சர்டிபிகேட்டில் இருக்கும் ஆள் உள்ளே இருக்கிறாரா என்று பார். இருந்தால் அவரிடமே போய்க் கேள், முதலாளியிடம் அப்புறம் பேசலாம். கல்லூரி முதல்வரிடம் கடிதம் வாங்கிக் கையில் வைத்துக்கொள். 'கையெழுத்துக்காக வரலை சார், தினமும் ஆறு மணி நேரம் நிற்க வந்திருக்கேன்' என்று சொல். ஒரு கடையில் முடியாது என்றால் அடுத்த கடை. நான் நாலாவது கடையில்தான் நுழைந்தேன்.

தட்டைச் செருப்பு போட்டுக்கொண்டு போ. முதல் வாரம் கால் ரொம்ப வலிக்கும், ராத்திரி வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை வை.

அன்புடன்,
அக்கா