வாங்கிய பாட்டும் விளையாட்டும் கையில் நிற்க வேண்டுமானால்

கேள்வி: பெங்களூரு அல்சூரில் வசிக்கிறோம். இணையக் கடை ஒன்றில் காசு கொடுத்து வாங்கிய சில பாடல்கள் என் கணக்கிலிருந்து காணாமல் போய்விட்டன. மகன் வாங்கிய விளையாட்டுகளுக்கும் இதே கதி வருமோ என்று அஞ்சுகிறேன். அப்பா சேர்த்த சுமார் 200 ஆடியோ சி.டி.க்களும் எங்கள் திருமண வி.சி.டி.யும் அலமாரியில் இருக்கின்றன. யாரும் பயன்படுத்தி, மாற்றி, பகிரக்கூடிய கட்டற்ற மென்பொருளால் இவற்றை எங்கள் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்ள முடியுமா? பழைய கணினி போதுமா?

பதில்: திருமண வி.சி.டி.யிலிருந்து தொடங்குங்கள், இந்த வாரமே. மற்றதை மீண்டும் வாங்கலாம்; இதற்கு வேறு பிரதி எங்கும் இருக்காது. விண்டோஸ் கணினியில் வட்டைப் போட்டு, எம்பெக்ஏவி என்ற கோப்புறைக்குள் இருக்கும் டி.ஏ.டி. கோப்பை ஹார்டு டிஸ்க்குக்கு நகலெடுத்தால் போதும். வி.எல்.சி. என்ற கட்டற்ற இயக்கி அதை அப்படியே இயக்கும். விண்டோஸுக்கு மாற்றான கட்டற்ற இயங்குதளம் லினக்ஸ்; அதில் சாதாரணமாக நகலெடுத்தால் பிழை வரும். வட்டு கெட்டுவிட்டது என்று பதறாதீர்கள்; வி.சி.டி.யில் தரவைப் பதியும் முறை வேறு என்பதுதான் காரணம். வி.சி.டி. எக்ஸ்ரிப் என்ற கருவி அங்கே கைகொடுக்கும். உறவினர் திருமணங்கள் டி.வி.டி.யில் இருந்து, அவற்றில் கீறல் விழுந்திருந்தால் ஜி.என்.யூ. டிடிரெஸ்க்யூ என்ற மீட்புக் கருவியைப் பயன்படுத்துங்கள். அது நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட இடங்களைப் பிறகு திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும்.

அப்பாவின் சி.டி.க்களை எஃப்.எல்.ஏ.சி. வடிவில் எடுங்கள். எம்.பி.3 போல இது ஒலியில் எதையும் வெட்டுவதில்லை. ஒரு சி.டி.க்கு 300 முதல் 400 எம்.பி. பிடிக்கும், 200 சி.டி.க்கும் சேர்த்து 80 ஜி.பி.க்குள் அடங்கிவிடும். லினக்ஸில் அசண்டர் என்ற செயலி இதைச் செய்யும். ஆனால் பாட்டின் பெயர், பாடியவர், ராகம் எல்லாம் தாமாக வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். பழைய தமிழ் சி.டி.க்கள் பலவற்றுக்கு இணையத் தரவுத்தளங்களில் விவரம் இருக்காது. அட்டையைப் பார்த்துத் தமிழிலேயே தட்டச்சு செய்யுங்கள். அப்பா அருகில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதினால் அட்டையில் இல்லாத விவரங்களும் சேரும்.

சேர்த்தவற்றை வீட்டுத் தொலைக்காட்சியிலும் கைபேசியிலும் பார்க்க ஜெல்லிஃபின் என்ற மென்பொருளைப் பரிந்துரைக்கிறேன். அது பிறந்த கதையிலேயே உங்கள் கேள்விக்கு விடை இருக்கிறது. 2018இல், இதே வேலையைச் செய்த எம்பி என்ற மென்பொருளை உருவாக்கியவர்கள் அதன் மூலநிரலைப் பிறர் பார்க்க முடியாதபடி மூடிக்கொண்டார்கள். அதுவரை வெளியாகியிருந்த நிரலைத் தொடர்ந்து வளர்க்கும் உரிமையை உரிமம் முன்பே எல்லோருக்கும் கொடுத்திருந்ததால், தன்னார்வலர்கள் அந்த ஆண்டு டிசம்பரிலேயே ஜெல்லிஃபினைத் தொடங்கிவிட்டார்கள். உருவாக்கியவரே கைவிட்டாலும் பயன்படுத்துபவர் தெருவில் நிற்க வேண்டியதில்லை. கட்டற்ற மென்பொருளை நான் இத்தனை வலியுறுத்துவது இதற்காகத்தான்.

8 ஜி.பி. நினைவகமுள்ள பழைய கணினி இதற்குத் தாராளம். தொலைக்காட்சியே கோப்பின் வடிவத்தைப் புரிந்துகொண்டால் கணினிக்கு அனுப்பும் வேலை மட்டும்தான். வடிவம் மாற்றி அனுப்ப வேண்டுமானால் இன்டெல் 7ஆம் தலைமுறைச் செயலி அல்லது அதற்குப் பிந்தையது நல்லது, எஸ்.பி. ரோட்டில் அலுவலகங்கள் கழித்த கணினிகளாகக் கிடைக்கும். மின்வெட்டைத் தாங்க ஒரு சிறிய யு.பி.எஸ். வையுங்கள். ஜெல்லிஃபினை நேரடியாக இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். வெளியூரிலிருந்து கேட்க வேண்டுமானால் வீட்டுக் கணினிக்குப் பாதுகாப்பான தனிவழி அமைத்துத் தரும் வயர்கார்டு வழியாக வாருங்கள்.

மறைந்துபோன பாடல்களைப் பற்றி வருத்தத்தோடு ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். அவற்றை எந்த மென்பொருளும் திருப்பித் தராது. பழைய கைபேசியில் தரவிறக்கிய கோப்பு இருக்கிறதா என்று மட்டும் தேடிப் பாருங்கள். 2009இல் ஜார்ஜ் ஆர்வெலின் '1984'ஐ வாங்கியவர்களின் கிண்டில் கருவிகளிலிருந்தே அமேசான் அதைத் தொலைவிலிருந்து நீக்கியது. கோப்பு நம்மிடம், பூட்டு (விற்றவரின் அனுமதி இல்லாமல் திறக்க விடாத மென்பொருள் தடை) இல்லாமல் இருக்க வேண்டும். மென்பொருள் அதற்குப் பிறகுதான்.

விளையாட்டுகளுக்கும் இதே விதி. 'தி க்ரூ' என்ற கார் பந்தய விளையாட்டு 2014இல் வந்தது. 2024 மார்ச் 31 அன்று அதை வெளியிட்ட யூபிசாஃப்ட் அதன் சர்வர்களை நிறுத்தியதும், காசு கொடுத்தவர்களால் தனியாகக்கூட அதை விளையாட முடியவில்லை. வாங்குவது உரிமம் மட்டுமே என்று ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடை 2024 அக்டோபர் முதல் வாங்கும் பக்கத்திலேயே அறிவிக்கிறது. ஆகவே மகன் அடுத்து வாங்கும் விளையாட்டு ஜி.ஓ.ஜி. கடையில் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். அங்கே பூட்டில்லாத ஆஃப்லைன் இன்ஸ்டாலரைத் தரவிறக்கிச் சேமிக்கலாம். லினக்ஸில் ஹீரோயிக், லூட்ரிஸ் என்ற செயலிகள் இரண்டும், விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் வைன் துணையோடு விண்டோஸ் விளையாட்டுகள் பலவற்றை இயக்கும். வேலரன்ட் போன்ற சில, தம் ஏமாற்றுத் தடுப்பு நிரலால் லினக்ஸில் ஓடாது. மகனிடம் முன்பே சொல்லிவிடுங்கள். அவன் விளையாடிச் சேமித்த கட்டங்களை லூடுசாவி என்ற கருவி நகலெடுத்துவைக்கும். பிள்ளைகளுக்கு விளையாட்டைவிட அதுதான் பெரிய இழப்பு.

சட்டத்தையும் அறிந்துகொள்ளுங்கள். பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொந்தப் பயன்பாட்டுக்கான நியாயமான கையாளுதலுக்கும், முறையாகப் பெற்ற கணினி நிரலின் காப்பு நகலுக்கும் இடம் தருகிறது. உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பது 65ஏ பிரிவின்படி 2 ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். எடுத்த நகலை ஊருக்கெல்லாம் பகிராதீர்கள்.

கடைசியாக, ஒரே ஹார்டு டிஸ்க்கை நம்பாதீர்கள். என் அம்மாவின் குரல் பதிவுகளில் பாதியை நான் அப்படித்தான் இழந்தேன். இன்றும் மனம் ஆறவில்லை. இரண்டாவது டிஸ்க் ஒன்றில் நகல் எடுத்து உறவினர் வீட்டில் வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதைக் கொண்டுவந்து, புதியவற்றைச் சேர்த்து, திருமணக் காட்சி ஒன்றை ஓடவிட்டுப் பாருங்கள்.