நர்ஸிங் படிக்கும் ஆண்களுக்குப் பிரசவ வார்டில் பயிற்சி உண்டா?

உண்டு. நம் நாட்டில் 4 வருட பி.எஸ்சி. நர்ஸிங்கில் மகப்பேறு பாடமும் வார்டுப் பயிற்சியும் ஆண்களுக்கும் சேர்த்துத்தான். அவர்களுக்குக் கடினமான இடமும் அதுவே. கர்ப்பிணி வேண்டாம் என்றால் மனம் கோணாமல் ஒதுங்கி நிற்க வேண்டும். அந்தக் கூச்சமும் நியாயமானதுதானே.

ஏன் இந்தத் தயக்கம்? 1860இல் லண்டனில் நவீன நர்ஸிங்கின் முன்னோடி ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் தொடங்கிய பயிற்சிப் பள்ளி பெண்களுக்கானது. அந்த வழியில் வளர்ந்த தொழிலில் 'சிஸ்டர்' என்ற பெயரே நிலைத்துவிட்டது. 'பிரதர்' அப்புறம் வந்தவர். வீட்டுச் சமையல் என்றால் அம்மா, கல்யாணப் பந்தி என்றால் ஆண் சமையல்காரர் என்று பழகியிருக்கிறோம் அல்லவா, அதே மாதிரிதான்.

ஆண் நர்ஸ் நோயாளியைத் தூக்கிப் பிடிக்க மட்டும் இருப்பவர் என்று பலர் நினைக்கிறார்கள். ஊசி, மருந்து, கண்காணிப்பு எல்லாமே அவர் பொறுப்பும்தான்.