ஆறு நாள் விரதம், ஏழாம் நாள் விருந்து

அன்புள்ள அக்கா,
அம்மா கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் தண்ணியும் இளநீரும் மட்டும்தான். ஏழாம் நாள் வடை, பாயசம்னு இலை போட்டு சாப்பிட்டாங்க, சாயங்காலமே வாந்தி, பேதி. விரதம் இருந்தா வயிறு ரெஸ்ட் எடுத்து சுத்தமாகும்னுதானே சொல்றாங்க, அப்புறம் ஏன் இப்படி?

தம்பி, அம்மா இப்ப நல்லா இருக்காங்கன்னு நம்புறேன்.

வயிறு ரெஸ்ட் எடுக்குதுன்னு சொல்றது பாதிதான் சரி. சாப்பாடு இல்லாதப்பவும் ஒன்றரை, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை வயித்துல இருந்து சிறுகுடல் வரைக்கும் ஒரு அலை மாதிரி இறுக்கம் ஓடி மிச்சம் மீதியெல்லாம் கீழ தள்ளிட்டுப் போகும், பசியில வயிறு கடமுடான்னு சத்தம் போடுறதுல பெரும்பங்கு இதுதான். இந்த சுத்தம் செய்ற வேலை ராத்திரி தூங்குறப்பவும் நடக்குது, அதுக்கு ஆறு நாள் பட்டினி வேண்டியதில்ல.

நாள் கூடக் கூட நடக்கிறது சிக்கனம். குடலோட உள்தோல் செல்கள் மூணுலேர்ந்து அஞ்சு நாளைக்குள்ள உதிர்ந்து புதுசா வரும், அதுங்களுக்குத் தீனியே பெரும்பாலும் குடலுக்குள்ள வர்ற சாப்பாட்டுல இருந்துதான், அது வரலைன்னா புதுசா வர்றது குறைஞ்சு, சத்தை உறிஞ்சுற, குடல் உள்பக்கம் விரல் மாதிரி நீட்டிக்கிட்டிருக்கிற குட்டிக் குட்டி முடிச்சுகள் கொஞ்சம் குட்டையாகும், கணையம் செரிக்க வைக்கிற என்சைம் சுரக்கிறதையும் குறைச்சுக்கும், பித்தப்பை சரியா சுருங்காம பித்தம் அப்படியே தேங்கிக் கெட்டியாகும். இந்த நிலைமையில எண்ணெய் வடையும் நெய் மிதக்குற பாயசமும் ஒரே நேரத்துல உள்ள போனா தாங்குமா சொல்லுங்க?

எனக்கு வாந்தி பேதியை விட பெரிய பயம் வேற. திடீர்னு மாவுச்சத்து போனா இன்சுலின் ஏறும், ரத்தத்துல இருக்கிற பாஸ்பேட், பொட்டாசியம் எல்லாம் செல்லுக்குள்ள இழுபட்டுடும், இதயமே தடுமாறலாம். 1945ல ஜெர்மனியில பெர்கன் பெல்சன்ங்கிற நாஜி வதை முகாமை மீட்டப்ப எலும்பும் தோலுமா இருந்தவங்களுக்கு பட்டாளத்து ரேஷனைக் கொடுத்தாங்க, நல்ல மனசோடதான் கொடுத்தாங்க, அதைச் சாப்பிட்டே பலபேர் செத்துப்போனாங்க. அம்மா நிலைமை அது கிடையாது, ஆனா அஞ்சு நாளுக்கு மேல ஒண்ணும் சாப்பிடாதவங்களுக்கு முதல் ரெண்டு நாள் வழக்கமான அளவுல பாதிக்கு மேல வேண்டாம்னுதான் டாக்டருங்க சொல்றாங்க.

அடுத்த ஐப்பசியில அம்மா விரதம் இருக்கட்டும், நான் வேண்டாம்னு சொல்லல. முடிக்கிறப்ப நொய்க்கஞ்சி, உப்புப் போட்ட மோர், குழைஞ்ச பருப்பு சாதம்னு கொஞ்சம் கொஞ்சமா போகட்டும், வடையை மூணாம் நாள் பாத்துக்கலாம். அவங்க சுகர், பிரஷருக்கு மாத்திரை போடுறாங்களான்னு நீங்க எழுதல, போட்டா விரதத்துக்கு முன்னாடியே டாக்டரைப் பாத்து டோஸ் கேட்டுக்கோங்க.