தாத்தாவின் புயல் சிந்து

கேள்வி: 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனதைத் தாத்தா சிந்துப் பாட்டாகக் கட்டி, மறுவருஷமே சின்னப் புத்தகமாக அச்சடித்து ராமேஸ்வரத்தில் விற்றார். 1971இல் காலமாகிவிட்டார். இப்போது ஒரு பையன் அதை யூடியூபில் பாடுகிறான், தாத்தா பெயரே இல்லை. இன்னும் எங்களுக்கு உரிமை இருக்கிறதா? அச்சாகாத பாட்டு நோட்டு ஒன்றும் வீட்டில் இருக்கிறது.
– ஒரு வாசகர், பாம்பன்

பதில்: இருக்கிறது. எழுதியவர் காலமான மறுவருஷ ஜனவரியிலிருந்து 60 ஆண்டு என்பது நம் பதிப்புரிமைச் சட்டம், ஆகவே 2031 டிசம்பர் வரை. பதிவு செய்யவில்லையே என்று பயப்பட வேண்டாம், எழுதும்போதே உரிமை வந்துவிடும். அச்சகத்துக்காரருக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தால்தான் சிக்கல். ஆனால் 'எங்களுக்கு' என்கிறீர்களே, அதில் அத்தைமாரும் சேர்த்திதானே? உயில் இல்லையென்றால் அவர்களுக்கும் பங்கு உண்டு, முதலில் அவர்களிடம் பேசுங்கள்.

அப்புறம் புத்தகத்தைப் பிரித்துப் பாருங்கள். அந்தக் காலத்துச் சிந்துப் புத்தகங்களில் பாட்டுக்கு மேலேயே இன்ன மெட்டு என்று போட்டிருப்பார்கள். அப்படி இருந்தால் மெட்டு வேறு யாருடையதோ, வரிகள் மட்டும்தான் தாத்தாவுடையவை. கரைவலை இழுக்கிறவர்கள் பாடும் அம்பாவிலிருந்து எடுத்த மெட்டு என்றால் அது ஊருக்கே பொது.

என்னைக் கேட்டால் 60 வருஷம் ரொம்ப அதிகம். முன்பு 50தான் இருந்தது. தாகூர் 1941இல் மறைந்தார், 1991 முடிவில் அவர் எழுத்து பொதுவுக்கு வரவிருந்தது, உரிமை அவர் நிறுவிய விசுவபாரதி பல்கலைக்கழகத்திடம் இருந்தது, அந்தச் சமயத்தில்தான் பத்து வருஷத்தைக் கூட்டி 1992இல் சட்டமாக்கினார்கள். தாகூர் புத்தகம் விற்கும், சரி. சந்தையில் விற்ற சிந்துப் புத்தகத்தை யாராவது மறுபதிப்பு போட நினைத்தால், பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் அலைந்து, எந்த வாரிசிடம் கையெழுத்து வாங்குவதென்று தெரியாமல் விட்டுவிடுவார், அதற்குள் தாள் உப்புக்காற்றில் பொடிந்துவிடும். எழுதியவர் இருக்கும்வரை, அப்புறம் பிள்ளைகள் தலையெடுக்க ஒரு 25 வருஷம், அது போதும் என்பேன். பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கை 50க்குக் கீழே இறங்க விடாது, அந்த 50க்காவது திரும்பலாம்.

பெயர் விஷயம் வேறு. 2012 திருத்தத்துக்கு அப்புறம், எழுதியவர் இவர்தான் என்று வாரிசுகளும் கேட்கலாம், 2031க்குப் பிறகும் கேட்கலாம். அதனால் எடுத்த எடுப்பில் யூடியூபுக்குப் புகார் அனுப்பி வீடியோவைத் தூக்க வைக்காதீர்கள், பாவம், அவன் பாட்டி பாடக் கேட்டுப் படித்தவனாக இருக்கலாம். தாத்தா பெயர், ஊர், வருஷம் மூன்றையும் போடச் சொல்லுங்கள். விளம்பரக் காசு வருகிறதென்றால் பங்கு பேசி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மசியவில்லை என்றால் புகார் இருக்கவே இருக்கிறது.

நோட்டுக்கு மட்டும் கணக்கே வேறு. இறந்தபிறகு முதல்முறை வெளியாகும் எழுத்துக்கு, வெளியான மறுவருஷத்திலிருந்துதான் 60 ஆண்டு ஓடத் தொடங்கும், அதாவது 2030இல் அச்சிட்டால் 2090 முடிய. கேலிக்கூத்துதான், ஆனாலும் சட்டம் அப்படி இருக்கும்போது அதன் பக்கங்களை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள். ஸ்கேன் எடுத்து அத்தை வீட்டிலும் ஒரு பிரதி வைத்துவிடுங்கள், அச்சிடுவதை அப்புறம் பேசலாம்.