கொழும்பு மாநகர சபை உறுப்பினர் மீண்டும் போட்டியிட்டால், அவர் பெயருக்கே வாக்களிக்கலாமா?

முடியாது. மீண்டும் போட்டியிடுவது என்றால், பதவிக்காலம் முடிந்தவர் அதே சபைக்குத் திரும்பவும் நிற்பது. ஆனால் வாக்குச்சீட்டில் கட்சி அல்லது சுயேச்சைக் குழுவின் பெயரும் சின்னமும்தான் இருக்கும். வேட்பாளர் பெயர் இருக்காது. இப்போது நடப்பது 2018 தேர்தலில் வந்த கலப்பு முறை. நீங்கள் போடும் ஒரே புள்ளடி வட்டார வேட்பாளருக்கும் போகும், கட்சியின் மொத்த வாக்குக்கு ஏற்ப ஆசனம் தரும் விகிதாசாரக் கணக்கிலும் சேரும். ஏறக்குறைய 60 வீத ஆசனம் வட்டாரத்துக்கு, மீதி கட்சி அல்லது குழு கொடுக்கும் பெயர்ப் பட்டியலுக்கு.

செட்டியார் தெருவில் கைராசியான பத்தர் கடை மாறினால், புதுக் கடையின் போர்டைத் தேடித்தானே போவோம்? கொட்டாஞ்சேனையில் கான் (வடிகால்) திருத்தித் தந்த உறுப்பினர் கட்சி மாறி நின்றாலும் அப்படித்தான். புதுச் சின்னத்தை வீடு வீடாகச் சொல்லித் திரிய வேண்டும். என் பார்வையில் அதுதான் பெரிய பாடு.

அப்புறம், இரண்டு தடவைக்கு மேல் நிற்க முடியாது என்று சிலர் சொல்வார்கள். அந்த வரம்பு ஜனாதிபதிக்கு. சபை உறுப்பினருக்கு இல்லை.