இக்போ மக்களின் 'சி' என்பது என்ன? ஆளுக்கொரு சி என்றால் ஒற்றுமை எங்கிருந்து வருகிறது?

தென்கிழக்கு நைஜீரியாவின் இக்போ மக்கள், பிறக்கும் ஒவ்வொருவரோடும் 'சி' என்ற தெய்வத் துணை வருகிறது என்கிறார்கள். அது பெருந்தெய்வமான சுக்வுவின் ஒரு கூறு என்று பலர் விளக்குவார்கள். ஒரே வயிற்றில் பிறந்தவர்களுக்கும் ஒரே சி கிடையாது. நம் தலைவிதி மாதிரிதானே என்று தோன்றும், முழுக்க அப்படியில்லை. 'ஒருவன் சரி என்றால் அவன் சியும் சரி என்னும்' என்பது அவர்கள் பழமொழி.

சரி, பிறரோடான உறவு? விருந்தாளி வந்தால், நாம் வெற்றிலை பாக்கு தருவதுபோல் அவர்கள் தரும் கோலா என்ற கசப்புக் கொட்டையைக் கையில் எடுத்து வீட்டுப் பெரியவர் வேண்டுவார். அப்போது அடிக்கடி வரும் வாசகம்: 'பருந்தும் அமரட்டும், கழுகும் அமரட்டும்; ஒன்று மற்றதைத் தடுத்தால் அதன் சிறகு ஒடியட்டும்.' பிறகே கொட்டையை உடைத்து எல்லோருக்கும் துண்டு தருவார்கள். அந்தச் சாபம்தான் எனக்குப் பிடித்தது. வெறும் நல்வாழ்த்தோடு நிறுத்தவில்லை பாருங்கள்.